செயலி சொல்லும் அளவும் கையில் இருக்கும் பாட்டிலும்

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மருத்துவம், நர்சிங், பார்மசி படிக்கும் பிள்ளைகளையும், வார்டில் இரவு பகலாக நிற்கும் ஹவுஸ் சர்ஜன்கள், ஸ்டாஃப் நர்ஸ்களையும் மனதில் வைத்து, போனில் இருக்கும் மருத்துவச் செயலிகளைப் பற்றி இன்று பேசுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் போனில் தேடும் பெற்றோரும் கூடவே கேட்கலாம்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியிலோ, ஸ்டான்லியிலோ, கீழ்ப்பாக்கத்திலோ காலை ரவுண்ட்ஸ் போகும்போது பாருங்கள், வெள்ளைக் கோட்டுப் பை ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும். நோயாளி முன்னால் மாணவர்கள் போனை எடுத்தால் சீனியர்கள் சிலருக்குக் கோபம் வரும். நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு பெரியவர் ஏழெட்டு மாத்திரை சாப்பிடுகிறார், ஒன்பதாவதாக ஒன்று எழுத வேண்டியிருக்கிறது என்றால், எது எதோடு சேரக்கூடாது என்பதை ஞாபகத்தை நம்பி எழுதுவதைவிடப் பார்த்து எழுதுவதே மேல். ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று தெரியாது. "ஐயா, உங்க மாத்திரையோட அளவைத்தான் பார்க்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் முகமே மாறிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் இறக்கி வைத்திருக்கும் மருந்துச் செயலிகளில் பல, அமெரிக்க மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவை. அறிவியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மருந்து பாட்டில் அப்படி இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். பத்து கிலோ எடையுள்ள குழந்தை, காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். இதுவரை எந்த நாட்டிலும் மாற்றமில்லை. அமெரிக்காவில் விற்கும் குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதனால் அந்த ஊர்ச் செயலி, ஏறக்குறைய 5 மில்லி கொடு என்று சொல்லும். நம் தெருமுனை மருந்துக்கடைக்கு வாருங்கள். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். பக்கத்திலேயே அதே நிறத்தில், அதே கம்பெனியின் இன்னொரு பாட்டில் இருக்கும், அதில் 250. சொட்டு மருந்து பாட்டிலிலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். ஆக, அதே குழந்தைக்கு முதல் பாட்டிலில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. செயலி சொன்னதே என்று சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. மூன்று மடங்குக்கும் மேல். ஒரே நாளில் நாலு வேளை அப்படிப் போனால் குழந்தையின் ஈரல் என்ன ஆகும்?

அதனால் போனில் மில்லிகிராம் வரை மட்டும் பாருங்கள். அதை மில்லியாக மாற்றும் வேலையை, பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளைப் படித்து, நீங்களே செய்யுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருக்கும் சிஸ்டரிடம் ஒரு முறை சத்தமாகச் சொல்லிச் சரிபாருங்கள். தாய்மார்களே, டாக்டர் "5 மில்லி" என்று சொன்னால், "எந்த பாட்டில்ல டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் இந்தச் சிக்கல் உண்டு. நம் லேப்களில் சர்க்கரையை மில்லிகிராமில் தருகிறார்கள். பிரிட்டனில் மில்லிமோல். இங்கே 180 என்பது அங்கே 10. சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினினுக்கும் இங்கே ஒரு அலகு, அங்கே வேறு அலகு. கால்குலேட்டர் செயலியில் எண்ணைத் தட்டுவதற்கு முன், பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள்.

கொரோனா காலத்தில் பரவிய ஒரு வகைச் செயலியையும் சொல்லியாக வேண்டும். கேமரா மேல் விரலை வைத்தால் ஆக்சிஜன் அளவு சொல்லும் என்றார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என்று இரண்டை அனுப்பி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுத்தான் கணக்கிடுகிறது. சாதாரண போனின் ஃப்ளாஷில் வருவது வெள்ளை வெளிச்சம். அதற்கென்று தனி சென்சார் இல்லாத போனில் தெரியும் 98-ஐ நம்பி, மூச்சு வாங்கும் மனிதரை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எக்ஸ்ரேயையும் ஈசிஜியையும் வாட்ஸ்அப்பில் சீனியருக்கு அனுப்புவது இன்று எல்லா வார்டிலும் நடக்கிறது. அதனால் உயிர்கள் பிழைக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் பெயரையும் ஐபி நம்பரையும், அதாவது உள்நோயாளி எண்ணையும், மறைத்துவிட்டு அனுப்புங்கள். நோயாளியின் முகம் வேண்டாம். படிப்புக் குழுவில் போடவே போடாதீர்கள்.

கடைசியாக, நம் நாட்டுக்கென்றே செய்த ஒரு செயலி. மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க மத்திய அரசு 2010-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் செயலியின் பெயர் ஏடிஆர் பிவிபிஐ (ADR PvPI). ஊசி போட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நர்ஸ்தான். கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுவதோடு அது நின்றுவிடுகிறது. அதை இந்தச் செயலி வழியாகவும் தெரிவியுங்கள். எந்த மருந்து, பேட்ச் நம்பர் என்ன, எப்போது கொடுத்தது, என்ன ஆனது, இவ்வளவுதான் கேட்பார்கள். மருத்துவர்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. நர்ஸ், பார்மசிஸ்ட் அனுப்பலாம், நோயாளியே கூடத் தெரிவிக்கலாம். செயலி இல்லாதவர்களுக்குக் கட்டணமில்லா எண் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள்: 1800 180 3024. மறுபடியும் சொல்கிறேன், 1800 180 3024. வேலை நாட்களில், அலுவலக நேரத்தில் கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.