டேம் ராடு டாம்பா கடலுக்கு ஆகுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விங்க. கோபியில இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்காரு. மார்ச் கடைசியில ஃப்ளோரிடாவுல டாம்பா பக்கம் பொண்ணு வீட்டுக்குப் போறாருங்களாம். வீட்டை ஒட்டியே கடல் தண்ணி உள்ள புகுந்து நிக்கற கழி, முழங்கால் தண்ணி. "பவானிசாகர்ல கட்லாவுக்குப் போடற பன்னெண்டடி ராடும், மாவு உருண்டை புடிக்கற ஸ்பிரிங் முள்ளும் கொண்டு போலாமா, அங்க எப்படிப் போடோணும்?"னு கேக்கறாரு.

ராடை இங்கயே வெச்சுட்டுப் போங்கண்ணா. டேம்ல நாம புண்ணாக்கும் தவிடும் பெசஞ்சு, மீனை நம்மகிட்ட வரவெச்சு, உக்காந்து காத்திருக்கோம். அங்க ரெண்டடி மூணடி தண்ணி, அடியில பூராம் கடற்புல்லு. கனமான ஈயம் தொப்புனு விழுந்தாலே சுத்துப்பட்டு மீனெல்லாம் ஓடீரும், ஈயமும் புல்லுக்குள்ள புதைஞ்சுக்கும். அந்த மீனுகளும் இறாலையும் குஞ்சு மீனையும் வேட்டையாடித் திங்கற சாதி, மாவைத் திரும்பிக்கூடப் பாக்காதுங்க. அதனால மீன் நிக்கற எடத்துக்கு நாமதான் போகோணும்.

எங்க நிக்கும்? வசந்த காலத்துல அதைத் தீர்மானம் பண்றது தண்ணியோட சூடுங்க. ஸ்னூக்குனு ஒரு மீன் இருக்குது, நம்ம கொடுவா மாதிரி ஒடம்பு, பக்கவாட்டுல தலையில இருந்து வால் வரைக்கும் கறுப்புக் கோடு. அது குளிர் தாங்காது. பனிக்காலம் பூராம் ஆத்துக்குள்ளயும் ஆழமான கால்வாய்லயும் பதுங்கிக் கெடந்துட்டு, தண்ணி 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 செல்சியஸ் வாக்குல வந்தா ஆழமில்லாத மேட்டுத் தண்ணிக்கு வெளிய வரும். கரிசல் மண்ணு எப்படி வெசையாச் சூடேறுதோ, அதே மாதிரி கறுப்புச் சேறு இருக்கற எடந்தான் முதல்ல சூடாகும். மார்ச்சுல விடியக் கருக்கல்ல போய் நிக்காதீங்க, மத்தியானத்துக்கு மேல போங்க. ஏப்ரல் பாதிக்கு மேல காலையில போனாலே போதும்.

இன்னொண்ணு, அந்த மாசங்கள்ல வடக்க இருந்து குளிர் காத்து ஒண்ணு மாத்தி ஒண்ணு எறங்கும். அது வர்றதுக்கு முந்தின நாள் தெக்கத்திக் காத்து அடிக்கும், மீன் நல்லாத் திங்கும். வந்து போனதுக்கு அப்புறம் வானம் பளிச்சுனு இருக்கும், நாமும் ஆசையாக் கெளம்புவோம். ஆனா தண்ணி குளுந்து போயிருக்கும், வடகாத்து தண்ணியையும் வெளிய தள்ளீருக்கும். ரெண்டு மூணு நாள் மீன் பள்ளத்துலதான் கெடக்கும், அப்ப பள்ளத்து ஓரமாப் போடுங்க.

அப்புறம் கடல் தண்ணி ஏறி வத்தற ஓட்டம். நம்ம வாய்க்கால் மடை வாய்ல மீன் எப்படிக் காத்துக்கிட்டு நிக்குதோ, அதே கணக்குத்தான். தண்ணி ஏறும்போது மீன் புல்லு மேட்டுக்கும் அலையாத்தி வேருக்கும் போகும். வத்தும்போது மேட்டுல இருந்து தண்ணி வழியற வாய்க்கால் வாய்ல நிக்கும். ஏறாம எறங்காம தண்ணி சும்மா நிக்கற நேரம் மீனும் சும்மாதான் இருக்கும், அப்ப டீ குடிங்க.

சாமானுக்கு வருவோம். ஏழடி மீடியம் ராடு, 3000 சைஸ் உப்புத்தண்ணி ரீலு, 15 பவுண்டு இழுப்புத் தாங்கற பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, நுனியில ரெண்டடி மூணடி 25 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால கட்டற தனி நரம்பு. டிராக், அதாவது மீன் இழுத்தா ரீலு நரம்பு விடற இறுக்கம், எவ்வளவு வெக்கறதுன்னா, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை நரம்புல கட்டித் தூக்குங்க, மெதுவா நரம்பு விட்டுக் குடுக்கோணும்.

முதல் தடவை போறவங்களுக்கு உசுரு இறாலும், இழுத்தாச் சத்தம் போடற பாப்பிங் கார்க்குங்கற மிதவையும்தான் நல்லதுங்க. கார்க்குக்குக் கீழ ஒண்ணரை அடி லீடர், 1/0 சைஸ் சர்க்கிள் முள், அதாவது நுனி உள்பக்கமா வளைஞ்ச முள். இறால் புல்லுக்குள்ள எறங்காம அதுக்கு மேல தொங்கோணும், அதுக்குத்தான் அந்த ஒண்ணரை அடி. இறால் தலையை வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. கொம்புக்குப் பின்னாடி, ஓட்டுக்குள்ள ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். முள்ளை அதுக்கு முன்னால, கொம்புக்கு அடியில குறுக்கால ஏத்துங்க. பொட்டுல குத்துனா இறால் அப்பவே செத்துரும். வீசிட்டு ராடு நுனியை வெடுக்குனு ரெண்டு இழு, கார்க் பொளக் பொளக்னு சத்தம் போடும், பத்துப் பதினஞ்சு செகண்டு விடுங்க. மீன் கடிச்சதும் நம்மூர்ல மாதிரி வெட்டி இழுக்காதீங்க. சர்க்கிள் முள் அப்படி இழுத்தா வாய்ல இருந்து உருவிக்கிட்டு வந்துரும். சும்மா ரீலைச் சுத்துனாப் போதும், வாயோரத்துல அதுவே மாட்டும்.

மீன் அந்து போச்சுன்னா லீடர் நுனியைப் பாருங்க. பன்னிவால் மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு உருவியிருக்குது. எச்சில் தொடாமக் காஞ்ச நரம்பை இறுக்குனா முடிச்சு சரியா இறுகாது, அந்தச் சூட்டுல வலுவும் போயிரும், அதுவும் ஒரு காரணம். சொரசொரன்னு தேஞ்சிருந்தா சிப்பிப் பாறையோ ஸ்னூக்கோட செவுள் ஓடோ அறுத்திருக்குது, அந்த ஓடு பிளேடு மாதிரிங்க. அப்ப லீடரை 30 பவுண்டுக்கு ஏத்திக்குங்க.

வேற என்ன கிடைக்கும்னா, வால்ல கறுப்புப் பொட்டு இருக்கற ரெட்ஃபிஷ், அப்புறம் சீட்ரவுட்டு. ட்ரவுட்டுன்னு பேரு இருந்தாலும் ஊட்டி அவலாஞ்சி ட்ரவுட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க, ரெட்ஃபிஷும் சீட்ரவுட்டும்தான் நம்ம கத்தாளை மீன் குடும்பம்.

அளவு விசயத்துல கண்டிப்பா இருங்கண்ணா. ரெட்ஃபிஷ் 18ல இருந்து 27 அங்குலத்துக்குள்ள இருந்தாத்தான் எடுக்கலாம், சின்னதும் ஆகாது, பெருசும் ஆகாது. ஸ்னூக் எடுக்கறதுக்குத் தனி பெர்மிட்டு வேணும், மூடுற மாசமும் உண்டு. விதி மாறிக்கிட்டே இருக்கும், போற வாரம் மாநில மீன்வளத் துறையோட வெப்சைட்டைப் பாத்துக்குங்க. கரையில நின்னு போட்டாலும் வெளியூர்க்காரங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். உள்ளூர்க்காரங்களுக்கு இருக்கற இலவசக் கரை லைசென்ஸும், 65 வயசுச் சலுகையும் நமக்கு இல்லீங்க.

தண்ணியில நடக்கறப்ப காலைத் தூக்கித் தூக்கி வெக்காதீங்க, இதை மறக்கவே கூடாது. தண்ணி சூடானா திருக்கையும் மேட்டுக்கு வந்து மண்ணுக்குள்ள படுத்திருக்கும். காலைத் தரையோட தேச்சுத் தேச்சு நகத்துனா அதுவே வெலகிப் போயிரும். மிதிச்சாத்தான் வால் முள்ளால அடிக்கும். அடிச்சுட்டா, தாங்கற அளவு சுடுதண்ணியில காலை வெச்சுட்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு பண்ணுங்க. சூடுதான் அந்த வலியைக் குறைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் கழுவறதுக்கு ஹோஸை வேகமாத் திருப்பாதீங்க, அந்த வேகம் உப்பை உள்ள பேரிங்குக்குத் தள்ளீரும். டிராக்கை இறுக்கி வெச்சு, பூவாளித் தண்ணி மாதிரி மெதுவா ஊத்தித் தொடைச்சு, அப்புறம் டிராக்கை நல்லா லூஸ் பண்ணி நெழல்ல காயப் போடுங்க.