சிவப்பு மை தீட்டிய தெருக்களில் வெயில்

நண்பர்களே, ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறேன். 1930களில் அமெரிக்காவில், வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களைக் கைதூக்கிவிட அரசு தொடங்கிய நிறுவனம் ஒன்று, இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து நான்கு நிறம் தீட்டியது. பச்சை என்றால் நம்பிக் கடன் தரலாம், சிவப்பு என்றால் ஆபத்து. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம். வீட்டின் வயது, வாடகை, அப்புறம் 'நீக்ரோ' என்று ஒரு கட்டம், 'ஊடுருவல்' என்று இன்னொன்று. குடும்பத்தோடு வீடு தேடி வருகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர் ஊடுருவல்!

ஏழை வெள்ளையர்களும் சிவப்புக்குள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அநேகமாக முழுக்கவே சிவப்பு.

வங்கிகளும் அதே கண்ணோடுதான் பார்த்தன. கடன் கிடைக்காத இடத்தில் வீடு பழுதாகும், நிலம் விலை இறங்கும், நெடுஞ்சாலைக்கும் கிடங்குக்கும் மலிவான இடம் தேடுகிறவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஜாக்சன் வார்டு என்ற கறுப்பினக் குடியிருப்பை 1950களில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்தது. வீடுகள் போயின, மிஞ்சியது தாரும் கான்கிரீட்டும். அவை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கக்கும். உடம்பு ஆற வேண்டிய நேரத்தில் சுவரைத் தொட்டால் சுடும்.

வெயில் எல்லாருக்கும் பொதுதானே என்கிறோம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு 108 அமெரிக்க நகரங்களின் பழைய வரைபடத்தையும் இன்றைய தரை வெப்பத்தையும் ஒப்பிட்டது. 94 சதவீத நகரங்களில் சிவப்புப் பகுதிகள்தான் அதிகச் சூடு, சில இடங்களில் 7 டிகிரி செல்சியஸ் வரை. அந்தப் பாகுபாட்டை 1968-லேயே சட்டம் தடை செய்துவிட்டது, ஆனால் தார் அங்கேயேதான் கிடக்கிறது. பூமி சூடாகிக் கூடும் ஒவ்வொரு டிகிரியும் ஏற்கெனவே கொதிக்கிற அந்தத் தெருவின் தலையில்தான் போய் ஏறுகிறது. அதனால்தான் பருவநிலையை இன நீதியிலிருந்து பிரித்துப் பேச என்னால் முடியவில்லை.

சரி, மரம் நடலாமே என்பீர்கள். நடட்டும், அவசியம் நட வேண்டும். ஆனால் இன்று வைக்கும் கன்று பேருந்து நிறுத்தத்துக்கு நிழல் தர இருபது வருடம் ஆகலாம், அதற்குள் தெரு அழகாகி வாடகை ஏறினால் அந்த நிழலில் நிற்கப்போவது வேறு யாரோ. அதனால் மரத்தோடு சேர்த்து வாடகைக் கட்டுப்பாட்டையும், வருகிற கோடைக்கே குளிர்சாதனத்தையும், அதை ஓட்ட மின்கட்டண உதவியையும் கேட்க வேண்டும்.