டிஸ்னி டைனிங் பிளான் வாங்கலாமா? முதல்ல பாட்டி எவ்ளோ சாப்பிடுவாங்கன்னு பாருங்க

[திரையில்: போன்ல ஹோட்டல் புக்கிங் பக்கம், கீழ ஒரு சின்ன டிக் பாக்ஸ்]

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு இந்த ஒரு டிக் பாக்ஸ பத்தி மட்டும்தான் பேசப்போறோம். ஃப்ளோரிடால இருக்கற வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு பேக்கேஜ் புக் பண்ணும்போது, ரூம் பாத்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, கடைசில டைனிங் பிளான், அதாவது சாப்பாட்டுக்கும் முன்னாடியே காசு கட்டிடற திட்டம், சேக்கணுமான்னு கேக்கும். அந்த எடத்துல வீட்ல ஒரு பட்டிமன்றமே நடக்கும், ஒருத்தர் "மொத்தமா கட்டிட்டா நிம்மதி, அங்க போயி பில்ல பாத்து பாத்து சாப்பிட வேணாம்"னுவாரு, இன்னொருத்தர் "அவன் என்ன நமக்கு லாபம் வரட்டும்னா விக்கிறான்"னுவாங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். யாரு சொல்றது உங்க வீட்டுக்கு பொருந்தும்னு கணக்கு போட்டாதான் தெரியும், அந்த கணக்க எங்க ஆரம்பிக்கணும்ங்கறதுலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க.

ஹாஸ்டல்ல படிச்சவங்களுக்கு ஈஸியா புரியும். மெஸ் பில் மாதிரிதான் இது. நீ வீக்கெண்ட் ஊருக்கு போனாலும் சரி, வயித்துவலின்னு ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டாலும் சரி, காசு கட்டினது கட்டினதுதான். இங்க சாப்பாட்ட கிரெடிட்டா, அதாவது ஒரு சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன் மாதிரி தருவாங்க, எத்தன நாள் இருக்கீங்கன்னு பாக்க மாட்டாங்க, எத்தன ராத்திரி தங்குறீங்களோ அந்த கணக்கு. 5 நைட்டுன்னா ஒருத்தருக்கு 5 நாள் கிரெடிட், ஆனா நீங்க அங்க இருக்கறது 6 நாள். செக் அவுட் பண்ற அன்னிக்கு நைட்டு 12 மணிக்கு மிச்சம் இருக்கறதெல்லாம் காலி. திருப்பி காசு கிடையாது.

[திரையில்: நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிச்ச ஒரு பேப்பர்]

இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு குயிக் சர்வீஸ் பிளான், கவுண்டர்ல வாங்கி தட்ட தூக்கிட்டு போயி உக்காந்து சாப்பிடறது. ஒருத்தருக்கு ஒரு நைட்டுக்கு ரெண்டு சாப்பாடு, ஒவ்வொண்ணுலயும் ஒரு மெயின் அயிட்டம், ஒரு டிரிங்க், அதோட ஒரு ஸ்நாக். இன்னொண்ணு பேரே டிஸ்னி டைனிங் பிளான், அதுல ஒரு கவுண்டர் சாப்பாடு, டேபிள்ல உக்காந்து சர்வர் வந்து பரிமாறுற சாப்பாடு ஒண்ணு, ஒரு ஸ்நாக். டேபிள் சாப்பாட்டுல டெசர்ட்டும் வரும், பஃபேன்னா முழு பஃபே. ரெண்டுலயுமே ஆளுக்கு ஒரு மக் குடுப்பாங்க, தங்குற ஹோட்டல்ல எத்தன தடவ வேணும்னாலும் காபி, கூல் டிரிங்க் புடிச்சுக்கலாம், ஆனா அது ஹோட்டல்ல மட்டும்தான், அத தூக்கிட்டு பார்க்குக்குள்ள போயி நீட்டினா ஒண்ணும் ஊத்த மாட்டாங்க.

கொரோனா சமயத்துல 2020ல நிறுத்தி வச்சிருந்தாங்க, திரும்ப 2024 ஜனவரி 9ல இருந்து ஆரம்பிச்சாங்க. அப்ப வச்ச ரேட்ட வச்சே கணக்கு போடுவோம், அதுக்கப்புறம் ஏறிருக்கு, நீங்க புக் பண்ற தேதிக்கு என்ன காட்டுதோ அத போட்டுக்கோங்க, கணக்கு முறை மாறாது. குயிக் சர்வீஸ் பெரியவங்களுக்கு ஒரு நைட்டுக்கு 57.01 டாலர், 3ல இருந்து 9 வயசு வரைக்கும் 23.83. டேபிள் இருக்கற பிளான் பெரியவங்களுக்கு 94.28, சின்னவங்களுக்கு 29.69. 3 வயசுக்கு கீழ பிளானே தேவையில்ல, உங்க தட்டுல இருந்து ஊட்டிக்கலாம். இதெல்லாம் டேக்ஸோட சேத்து, டிப்ஸ் மட்டும் தனி.

இப்ப கவனிங்க, இங்கதான் விஷயமே இருக்கு. அந்த புக்கிங்ல 3 வயசு ஆன எல்லாருக்கும் பிளான் வாங்கணும். "எங்க ரெண்டு பேருக்கு போதும், அம்மாவுக்கு வேணாம்"னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, 10 வயசு ஆச்சுன்னா பெரியவங்க ரேட்டு. இந்த ரெண்டு ரூலும் சேந்தா நம்ம ஊர்ல இருந்து அமெரிக்கா வந்திருக்கற அப்பா அம்மாவையும் கூட்டிட்டு போற குடும்பத்துக்கு என்ன ஆகும்னு பாருங்க.

ஒரு குடும்பத்த கற்பனை பண்ணிக்குவோம். அப்பா, அம்மா, 11 வயசு பையன், 6 வயசு பொண்ணு, மதுரைல இருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கற பாட்டி. 5 நைட்டு. குயிக் சர்வீஸ் பிளான்ல பெரியவங்க ரேட்டு 4 பேருக்கு, ஆமா அந்த பையனும் பெரியவர்தான், 228.04. பொண்ணுக்கு 23.83. ஒரு நைட்டுக்கு 251.87, அஞ்சு நைட்டுக்கு 1259.35 டாலர். இதுக்கு வர்றது 50 சாப்பாடு, 25 ஸ்நாக். ஐம்பது சாப்பாட்ட இந்த அஞ்சு பேர் சாப்பிட்டு தீப்பாங்களா?

அப்பா சாப்பிடுவாரு, அவர பத்தி கவலையே வேணாம். ஒரு மெயின் அயிட்டமும் கூல் டிரிங்கும் சேந்து சுமாரா 20 டாலர்னு வச்சுக்கோங்க, ரெண்டு வேளைக்கு 40, ஒரு ஐஸ்கிரீமோ பிரெட்ஸலோ 7 டாலர், அந்த ஏரியால சேல்ஸ் டேக்ஸ் 6.5 சதவீதம், எல்லாம் சேத்து 50 டாலர் வருது. மக்குக்கு ஒரு நாளைக்கு ஒரு நாலஞ்சு டாலர் போட்டாலும் 55 தாண்டாது. அதாவது ஒரு வேள விடாம, ஒரு ஸ்நாக் விடாம, ஓரளவு வெல கூடுன அயிட்டமா பாத்து சாப்பிட்டாலே 57 கிட்டதான் வந்து நிக்கிது. 21 வயசுக்கு மேல உள்ளவங்க கூல் டிரிங்குக்கு பதிலா பீர், ஒயின், காக்டெயில்னு எடுத்துக்கலாம், ஒரு காக்டெயிலே சுமாரா 15 டாலர், ரெண்டு வேளையும் அத எடுத்தா பிளான் நல்லாவே லாபம். பாட்டி எதிர்ல உக்காந்திருக்கும்போது அது நடக்குமா நடக்காதாங்கறது உங்க குடும்ப விவகாரம், நான் உள்ள வரல.

சின்ன பொண்ணு, கிட்ஸ் மீல் ரெண்டு, ஒரு மிக்கி ஐஸ்கிரீம், சுமாரா 24, 25 டாலர், கட்டினது 23.83. சரிக்கு சரி.

இப்ப பாட்டி. பாட்டி காலைல ரூம்ல காபி, கொண்டுவந்த முறுக்கு ரெண்டு. மத்தியானம் ஆளுக்கொரு தட்டு வாங்குனா "இவ்ளோ யாரு சாப்பிடுவா"ன்னு பேத்தி தட்டுல இருந்து நாலு ஃப்ரென்ச் ஃப்ரைஸ், மருமக கிண்ணத்துல இருந்து கொஞ்சம் சோறு. சாயந்திரம் ரூமுக்கு வந்து தயிர் சாதம். ஒரு நாளைக்கு காசு குடுத்து வாங்கினா 15 டாலர் தாண்டாது, ஆனா பாட்டி பேர்ல கட்டினது 57.01. ஒரு நாளைக்கு 42 டாலர் போச்சு, அஞ்சு நைட்டுக்கு 210. அப்பா எவ்ளோ கஷ்டப்பட்டு சாப்பிட்டாலும் இந்த ஓட்டைய அடைக்க முடியாது. பையனும் அப்படித்தான், பெரியவங்க ரேட் கட்டிட்டு அவன் வாங்கறது சிக்கன் நக்கெட்ஸ். காசு குடுத்து வாங்கினா கவுண்டர்ல கிட்ஸ் மீல யாரு வேணும்னாலும் வாங்கலாம், பாட்டியும் வாங்கலாம், பையனும் வாங்கலாம், அப்ப கிடைக்கிற மிச்சம் பிளான் போட்டா கிடைக்காது.

அதான் சொல்றேன், எல்லாரும் "எங்க வீட்டுக்காரர் நல்லா சாப்பிடுவாரு, எங்களுக்கு ஒர்த்"னு ஆரம்பிக்கறாங்க. அங்க இல்ல. உங்க ரூம்ல யாரு ரொம்ப கம்மியா சாப்பிடறாங்களோ அவங்கள்ல இருந்து ஆரம்பிங்க. அவங்க பேர்ல எவ்ளோ வீணாகும்னு முதல்ல எழுதிட்டு, அத மத்தவங்க ஈடுகட்ட முடியுமான்னு பாருங்க.

நம்ம வீட்டு பழக்கம் இன்னொண்ணு இருக்கு, பகிர்ந்து சாப்பிடறது. அங்க பெரியவங்க போர்ஷன் பெருசுதான், ஒரு தட்ட ரெண்டு பேர் தாராளமா சாப்பிடலாம். அதுவும் ஜூலை மாச ஃப்ளோரிடா வெயில்ல வெளிய நடந்துட்டு வந்தா பசியே எடுக்காது, எல்லாரும் தண்ணியும் ஐஸுமா கேப்பாங்க. தண்ணிக்கு காசு கூட வேணாம், ஃபவுண்டன் டிரிங்க் இருக்கற கவுண்டர்ல கேட்டா ஐஸ் போட்டு சும்மாவே தருவாங்க. தயவுசெஞ்சு ஸ்நாக் கிரெடிட்ட குடுத்து தண்ணி பாட்டில் வாங்காதீங்க. சொந்த சாப்பாடும் உள்ள விடுவாங்க, கண்ணாடி பாத்திரம் கூடாது, அங்க போயி சூடு பண்ற மாதிரி இருக்க கூடாது, அவ்ளோதான். புளியோதரைக்கு ரெண்டுமே தேவையில்லைல.

[திரையில்: மிக்கி வேஷத்தோட பஃபே டேபிள், பக்கத்துல குழந்தைங்க]

சரி, அப்ப யாருக்குத்தான் நல்லதுன்னா, சின்ன குழந்தை இருக்கற சின்ன குடும்பத்துக்கு, அதுவும் டேபிள் பிளான். ரேட்ட திரும்ப பாருங்க. பெரியவங்களுக்கு கவுண்டர் பிளான்ல இருந்து டேபிள் பிளானுக்கு மாற 37.27 டாலர் கூட. குழந்தைக்கு? 5.86 டாலர். ஆறு டாலர் கூட இல்ல! அந்த ஆறு டாலருக்கு ஒரு கவுண்டர் சாப்பாடு போயி ஒரு டேபிள் சாப்பாடு வருது, அத மிக்கி, மின்னியெல்லாம் டேபிளுக்கு டேபிள் வந்து கட்டிப்புடிச்சு போட்டோ எடுக்கற கேரக்டர் பஃபேல போயி யூஸ் பண்ணீங்கன்னா, அதுக்கு சின்னவங்க வெலையே 40 டாலர் பக்கத்துல.

அம்மா, அப்பா, 5 வயசு குழந்தைன்னு வைங்க. டின்னர் பஃபே பெரியவங்களுக்கு 65, குழந்தைக்கு 42ன்னு ஒரு கணக்குக்கு எடுத்துக்குவோம். பெரியவர் ஒருத்தருக்கு பஃபே 65, ஒரு கவுண்டர் சாப்பாடு 20, ஸ்நாக் 7, டேக்ஸோட 98 டாலர், கட்டினது 94.28. குழந்தைக்கு 42, 9, 6, டேக்ஸோட 60 டாலருக்கு மேல, கட்டினது 29.69. மூணு பேருக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 38 டாலர் மிச்சம், அதுல முக்காவாசி அந்த குழந்தையாலதான். ஆனா இதயே காலைல டிபன் பஃபேக்கு யூஸ் பண்ணா வெல கம்மிங்கறதால பெரியவங்களுக்கு நஷ்டத்துல போயிடும், கேரக்டர் மீல்னாலே லாபம்னு நெனச்சுக்காதீங்க. இதுபோக 2026க்கு பெரியவங்க பேக்கேஜோட பிளான் வாங்கினா 3ல இருந்து 9 வயசு குழந்தைங்களுக்கு பிளான் இலவசம்னு அறிவிச்சிருக்காங்க, ரெண்டு மூணு குட்டிங்க இருக்கற வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனா இலவசம்னதும் பாட்டி கணக்க மறந்துடாதீங்க, பாட்டிக்கு இலவசம் இல்ல.

டேபிள் பிளான்ல மாட்டிக்கற எடம் ரெண்டு. சில ரெஸ்டாரண்ட்ல ஒரு சாப்பாட்டுக்கு ரெண்டு கிரெடிட் எடுப்பாங்க, சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ள இருக்கறது, கலிஃபோர்னியா கிரில், இந்த மாதிரி. ஒரு டேபிள் கிரெடிட் நமக்கு அடக்க வெல என்னன்னு பாத்தா அந்த 37 டாலரும், அதுக்கு பதிலா விட்டுக்குடுத்த ஒரு கவுண்டர் சாப்பாடு 20 டாலரும் சேத்து 57 வருது. ரெண்டு கிரெடிட்னா 114. அங்க மெனு வெல அத விட கம்மின்னா கார்ட தேச்சிட்டு வெளிய வாங்க, கிரெடிட்ட வேற எடத்துக்கு வைங்க.

இன்னொண்ணு ரிசர்வேஷன். கிரெடிட் கைல இருந்தா டேபிள் கிடைச்சிரும்னு அர்த்தம் இல்ல. 60 நாளைக்கு முன்னாடியே புக்கிங் திறக்கும், டிஸ்னி ஹோட்டல்ல தங்குறவங்க அந்த ஒரே நாள்ல தன்னோட ட்ரிப்ல 10 நாள் வரைக்கும் சேத்து புக் பண்ணிக்கலாம், கேரக்டர் எடமெல்லாம் சுடச்சுட தீந்துடும், தட்கல் டிக்கெட் போட்ட கைகளுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. அதுலயும் புக் பண்ணிட்டு போகலன்னா ஆளுக்கு 10 டாலர் புடிப்பாங்க, ரெண்டு மணி நேரம் முன்னாடியே கேன்சல் பண்ணிடணும். காலைல ஒரு பார்க்கு, மத்தியானம் தூங்குற குழந்தைய எழுப்பி வேற எடத்துல 5:10க்கு டேபிள்னு ஓடணும், ரைடு க்யூல நின்னுட்டு வாட்ச்ச பாக்கணும். மொய் வச்சாச்சு, பந்தில உக்காராம போக மனசு வருமா, அந்த கதைதான். இந்த ஓட்டத்துக்கு கணக்குல ஒரு கட்டம் இல்ல, ஆனா நான் ஒரு கட்டம் போட்டுக்குவேன்.

டிப்ஸ் பிளான்ல சேராதுன்னு சொன்னேன்ல, டேபிள்ல உக்காந்தா ஒவ்வொரு தடவையும் 18, 20 சதவீதம் கைல இருந்துதான், 6 பேரும் அதுக்கு மேலயும் போனா 18 சதவீதத்த அவங்களே பில்லுல போட்டுடுவாங்க.

சைவக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாடு கிடைக்காதுன்னு பயப்பட வேணாம், மெனுல இலை மாதிரி ஒரு குறி போட்டிருந்தா அது செடிகொடில இருந்து செஞ்சது, பால், முட்டை கூட கிடையாது. அனிமல் கிங்டம்ங்கற பார்க்குல சட்டூலி கேன்டீன்ல டோஃபு போட்ட சாப்பாட்டு கிண்ணம் கிடைக்கும், அனிமல் கிங்டம் லாட்ஜ்ங்கற ஹோட்டல்ல சனான்னு ஒரு எடம், ஆப்பிரிக்க, இந்திய கலவை, நான் ரொட்டிக்கு ஒம்போது தொட்டுக்கையோட ஒரு தட்டு வரும், சாப்பிட்டுட்டே ஜன்னல் வழியா ஒட்டகச்சிவிங்கி பாக்கலாம். ஆனா சைவ அயிட்டம் பொதுவா அசைவத்த விட வெல கம்மி, கிரெடிட் ஒரே கிரெடிட்தான், அதனால நீங்க சைவம்னா பிளான்ல கெடைக்கற மதிப்பு இன்னும் கொறையும், இத யாரும் சொல்ல மாட்டாங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரு அரை மணி நேரம் எடுத்துக்கோங்க. டிஸ்னியோட சைட்லயே ஒவ்வொரு ரெஸ்டாரண்ட் மெனுவும் வெலையோட இருக்கு. வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அவங்கவங்க என்ன சாப்பிடுவாங்கன்னு கேளுங்க, செல்போன பாட்டி கைல குடுத்து முதல்ல அவங்கள கேளுங்க, எழுதிக்கோங்க, கூட்டி 6.5 சதவீதம் சேத்து பிளான் ரேட்டோட பக்கத்துல வைங்க. உங்க வீட்ல யாருக்கு எவ்ளோ வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க, முக்கியமா அந்த 11 வயசு ‘பெரியவர்’ என்ன கேட்டாருன்னு.