துப்பாக்கிக்கு முன்னால் வந்த கணக்கேடு

நேயர்களுக்கு வணக்கம்.

1690-ஆம் ஆண்டு. ஔரங்கசீப்பின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர்கள் இருவர், கைகள் கட்டப்பட்டு, தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். முகலாயப் பேரரசின் மீது போர் தொடுத்து, பம்பாய்க் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கித் தோற்ற கம்பெனி அது. ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டிய பிறகுதான் மீண்டும் வியாபாரம் செய்ய அனுமதி கிடைத்தது.

அதன்பின் எழுபத்தைந்தே ஆண்டுகள். 1765-இல் ஔரங்கசீப்பின் வழிவந்த ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசாவின் நிலவரியை வசூலிக்கும் திவானி உரிமையை அதே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். ஐரோப்பியர்கள் உலகை எப்படிப் பிடித்தார்கள் என்று யார் கேட்டாலும், என் மனம் இந்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்குத்தான் போகிறது.

இன மேன்மை என்றார்கள், குளிர்நாட்டுச் சுறுசுறுப்பு என்றார்கள். 1690-இல் மண்டியிட்டவர்களும் அதே இனம்தான், அதே குளிர்நாட்டுக்காரர்கள்தான். நோய் என்பது அமெரிக்கக் கண்டத்துக்குப் பொருந்தும் விடை. 1520-இல் மெக்சிகோவில் பரவிய பெரியம்மை அஸ்டெக் அரசரையே கொன்றது. இந்தியாவில் நோய் எதிர்ப்பக்கம் நின்றது. காய்ச்சலிலும் பேதியிலும் கம்பெனி ஊழியர்கள் இளம் வயதிலேயே மாண்டார்கள்.

துப்பாக்கிக்கு வருவோம். 1746-இல் அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படை ஒன்று, ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படையைச் சிதறடித்தது உண்மை. அணிவகுத்து நின்று ஒரே நேரத்தில் சுடும் பயிற்சி அந்த வெற்றியைத் தந்தது. ஆனால் அந்தச் சிறிய படையிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பயிற்சி என்பது பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடியது. மைசூர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள், 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை அடியோடு அழித்தார்கள்.

அப்படியானால் கம்பெனியிடம் மட்டும் இருந்தது என்ன? என் பதில், கடன் வாங்கும் திறன். பெரும்பாலான அரசர்களின் படைவீரர்களுக்குச் சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் நிற்கும். கடன் கிடைத்ததால், கம்பெனிச் சிப்பாய்க்கு அது ஏறக்குறைய ஒழுங்காக வந்தது. ஔரங்கசீப்புக்குப் பிறகு பேரரசு துண்டுதுண்டாக உடைந்து, 1739-இல் பாரசீக மன்னர் நாதிர்ஷா டெல்லியைச் சூறையாடிய பிறகு, பணம் படைத்தவர்கள் யாரை நம்பிக் கடன் கொடுப்பது என்று தேடினார்கள். வங்காளத்தின் பெரும் லேவாதேவிக் குடும்பமான ஜகத் சேட்டுகள், நவாப் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்க்கும் சதியில் கம்பெனியோடு கைகோத்தார்கள். 1757-இல் பிளாசிப் போரில் கம்பெனித் தளபதி கிளைவின் படை ஏறத்தாழ மூவாயிரம் பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தியர்கள். அவர்களில் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்களும் உண்டு. நவாபின் படையில் பெரும்பகுதியோ, சதியில் சேர்ந்திருந்த தளபதி மீர் ஜாபரின் கீழ் அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தது.

திவானி வந்ததும் கணக்கே தலைகீழாக மாறியது. அதுவரை வங்காளத்துத் துணியை வாங்க கம்பெனி வெள்ளியைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களில் வெட்டி எடுத்தது. இப்போது வங்காள விவசாயி கட்டிய வரியாலேயே வங்காள நெசவாளியின் துணியை வாங்கினார்கள். 1770-இல் பெரும் பஞ்சம். மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது இறந்திருப்பார்கள் என்றும், இருந்தும் 1771-இன் நிகர வசூல் 1768-ஐ மிஞ்சிவிட்டது என்றும் வங்காளத்தின் கம்பெனி கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் லண்டனுக்கு எழுதினார். இந்த இரண்டு செய்திகளும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் அந்த வாக்கியத்தை என்னால் எளிதாகக் கடக்க முடிவதில்லை.

தெற்கே அதே கடன் வேறு முகத்தோடு வந்தது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே பெரும் வட்டிக்குக் கடன் வாங்கினார். கிராமங்களின் வரி வருவாய் அடகுக்குப் போனது. கடனை அடைக்கப் பணம் தேவைப்பட்டபோது, 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூர் பிடிக்கப்பட்டது. 1785-இல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களின் அநியாயத்தை லண்டன் நாடாளுமன்றத்தில் விரிவாகப் பேசினார். ஆனாலும் கடன் கொடுத்தவர்களுக்கு, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட நவாபின் சீமையின் வருவாயிலிருந்தே பணம் போய்க்கொண்டிருந்தது. 1801-இல் அந்தச் சீமையின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1833-இல் கம்பெனியின் வியாபாரம் நிறுத்தப்பட்டபோது, அதன் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்குப் பத்தரை சதவீத ஈவுத்தொகை கொடுக்கச் சட்டம் செய்தார்கள். 1858-இல் ஆட்சி பிரிட்டிஷ் அரசின் கைக்கு மாறியது, ஈவுத்தொகை நிற்கவில்லை. 1874-இல் பங்குகள் தீர்க்கப்படும் வரை லண்டனில் அது ஆண்டுதோறும் வழங்கப்பட்டது. அந்தப் பணம் முழுவதும் இந்திய வரி வருவாயிலிருந்து போனது.

நன்றி, வணக்கம்.