குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கு ஆச்சு, மறுபடியும் குழந்தை பெத்துக்க முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரு சகோதரி கேட்டிருக்கிற கேள்வியை எடுத்துக்கலாம். "எனக்கு 36 வயசு மேடம். ரெண்டாவது குழந்தை பிறந்த மறுநாளே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. 9 வருஷம் ஆச்சு. இப்ப இன்னொரு குழந்தை வேணும்னு நினைக்கிறோம். பீரியட்ஸ் மாசாமாசம் சரியா வருது. மாத்திரை மருந்துல சரியாகுமா? டியூபைத் திரும்பச் சேர்க்க முடியுமா, இல்ல டெஸ்ட் டியூப் பேபிங்கற ஐவிஎஃப் தானா? 9 வருஷம் ஆனதால வாய்ப்பு போயிருச்சா?"

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். 9 வருஷத்தை நினைச்சு ரொம்பக் கவலைப்படாதீங்க. கட்டின டியூப், அதாவது கருக்குழாய், அப்படியே தான் கிடக்கும், வருஷம் ஆக ஆக அழுகிப் போகாது. நான் பார்க்கறது உங்க 36 வயசை. அடுத்தது, அன்னைக்கு ஆபரேஷன்ல டியூபை என்ன பண்ணாங்க, எவ்வளவு மிச்சம் வச்சாங்கங்கறதை. இந்த ரெண்டும் தெரிஞ்சா முக்கால்வாசி முடிவு வந்துரும்.

பீரியட்ஸ் சரியா வருதுங்கறீங்க. வரத்தான் செய்யும். டியூபைக் கட்டினதால சினைப்பைக்கும் கர்ப்பப்பைக்கும் ஒண்ணும் ஆகறதில்ல. மாசாமாசம் முட்டை வெளிய வரும், விந்தணு அதுகிட்ட போய்ச் சேர வழி இருக்காது, அவ்வளவுதான். அதனால முட்டை வளர குடுக்கற மாத்திரை, லெட்ரோசோல், குளோமிபீன் எதுவும் இங்க பிரயோஜனப்படாது. ஐயூஐயும் அப்படித்தான். ஐயூஐல விந்தணுவை கர்ப்பப்பைக்குள்ள விடறாங்க, அங்கிருந்து அது டியூப் வழியாத்தான் முட்டைகிட்ட போகணும். ரெண்டு டியூபும் கட்டியிருக்கும்போது ஐயூஐ பண்ணினா காசும் மாசமும் தான் வீண். கஷாயம், லேகியம், வயித்துல எண்ணெய் தேய்க்கறதுன்னு டியூப் சேர்றதுக்கு வழி சொல்றவங்க இருக்காங்க. வெட்டி எடுத்த இடத்துல தழும்பு தான் இருக்கு, எந்த மருந்தும் அதைக் கரைக்காது.

"தானா சேர்ந்துக்குமா"ன்னும் நிறைய பேர் கேக்கறீங்க. ரொம்ப அபூர்வமா நடக்கும். 1996ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆய்வுல, ஆபரேஷன் பண்ணின 1000 பேர்ல 10 வருஷத்துக்குள்ள 18, 19 பேருக்கு கர்ப்பம் தரிச்சிருக்கு. அதுலயும் ஏறக்குறைய மூணுல ஒண்ணு கர்ப்பப்பைக்கு வெளிய தங்கின கரு. இதை நம்பிக் காத்திருக்க முடியாது. ஆனா ஆபரேஷன் ஆனவங்க யாரா இருந்தாலும் நாள் தள்ளிப்போனா "எனக்குத்தான் கட்டியாச்சே"ன்னு இருக்காதீங்க, யூரின் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். டியூப் மொத்தமே 10, 12 சென்டிமீட்டர் நீளம் தான். கர்ப்பப்பைக்குப் பக்கத்துல குறுகலா இருக்கும், உள்துளை ஒரு மில்லிமீட்டரோ அதுக்கும் கம்மியோ. போகப் போக அகலமாகி, கடைசியில சினைப்பைப் பக்கம் விரல் விரலா விரிஞ்சிருக்கும். அந்த விரல் மாதிரி பகுதிக்கு ஃபிம்ப்ரியான்னு பேரு, முட்டையை வாங்கி உள்ள அனுப்பறது அதுதான். நடுவுல கொஞ்சம் போயிருந்தா ஓரளவு சமாளிக்கலாம், ஃபிம்ப்ரியா போயிருந்தா திரும்பச் சேர்த்து பெருசா பலன் இருக்காது.

லேப்ராஸ்கோப்ல, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா குழாய் விட்டு, கிளிப் போட்டிருந்தா சேதம் ரொம்பக் கம்மி, அரை சென்டிமீட்டர் மாதிரி. அதே லேப்ராஸ்கோப்ல ரிங் போட்டிருந்தா ரெண்டு மூணு சென்டிமீட்டர் போயிருக்கும். உங்களுக்குப் பிரசவம் முடிஞ்ச மறுநாள் பண்ணியிருக்காங்க, அப்ப பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழ சின்னதா திறந்து, டியூபை ஒரு வளையமா தூக்கிக் கட்டி, மேல இருக்கற துண்டை வெட்டி எடுத்திருப்பாங்க. போமராய் முறைன்னு சொல்லுவோம். அதுலயும் ரெண்டுல இருந்து நாலு சென்டிமீட்டர் வரைக்கும் போயிருக்கலாம், மிச்சம் நல்லாவே இருக்கும். கரண்ட் வச்சு கருக்கியிருந்தா கஷ்டம். வெளிய தெரியறதை விட உள்ள அதிக நீளத்துக்கு வெந்து போயிருக்கும். டியூபையே முழுசா எடுத்திருந்தா சேர்க்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, நேரா ஐவிஎஃப் தான்.

இதை நினைவுல இருந்து சொல்லாதீங்க, டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்க. அதுல "பார்ஷியல் சால்பிஞ்செக்டமி"ன்னு இருந்தா ஒரு துண்டு மட்டும் எடுத்திருக்காங்க. "டோட்டல்"னோ, வெறும் "பைலேட்டரல் சால்பிஞ்செக்டமி"ன்னோ இருந்தா முழு டியூபும் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒரு வார்த்தையைப் பார்க்காம ஆபரேஷன் தேதி வரைக்கும் போறவங்க உண்டு. வெட்டின துண்டை பயாப்சிக்கு அனுப்பியிருந்தா அந்த ரிப்போர்ட்ல எத்தனை சென்டிமீட்டர்னே எழுதியிருப்பாங்க, அதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது. பேப்பர் தொலைஞ்சிருந்தா பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில ரெக்கார்ட் பிரிவுல கேட்டுப் பாருங்க.

அடுத்தது டெஸ்ட். வயித்தைத் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் பார்க்கணும். முதல்ல வீட்டுக்காரருக்கு விந்து பரிசோதனை. "எங்களுக்குத் தான் ஏற்கனவே ரெண்டு குழந்தை இருக்கே"ன்னு இதைத் தள்ளிவிடறாங்க. 9 வருஷத்துல அவருக்கும் வயசு ஏறியிருக்கு, சுகர் வந்திருக்கலாம், எடை கூடியிருக்கலாம். மறுமணமா இருந்தா கேக்கவே வேண்டாம். ரெண்டு நாள்ல இருந்து ஏழு நாள் வரைக்கும் இடைவெளி விட்டு சாம்பிள் குடுக்கணும். ஒரு மில்லிக்கு 16 மில்லியன் எண்ணிக்கை, 42 சதவீதம் அசைவு, இது உலக சுகாதார அமைப்பு சொல்ற கீழ்மட்ட அளவு. குறைவா வந்தா ஒரே ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணாம இன்னொரு தடவை பாருங்க. ரொம்பவே குறைவா இருந்தா டியூபைச் சேர்த்தும் கர்ப்பம் நிக்கறது கஷ்டம், ஒரு விந்தணுவை ஊசியால முட்டைக்குள்ள செலுத்தற இக்சி பண்ண வேண்டி வரும். அப்ப அந்த ஆபரேஷனே தேவையில்லாமப் போயிரும்.

உங்களுக்கு பீரியட்ஸ் ரெண்டாவது மூணாவது நாள்ல வஜைனல் ஸ்கேன், ரெண்டு சினைப்பையிலயும் சின்ன முட்டைப்பைகள் எத்தனைன்னு எண்ணுவாங்க. கூட சினைப்பையில சுரக்கற ஏஎம்எச்ங்கற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை, அது எந்த நாள்லயும் எடுக்கலாம். ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ஏஎம்எச் முட்டைக் கையிருப்பு எவ்வளவுன்னு சொல்லும், முட்டையோட தரத்தைச் சொல்லாது. தரத்தைச் சொல்றது வயசு தான். ஏஎம்எச் கம்மியா வந்தா கர்ப்பமே ஆகாதுன்னு அர்த்தமில்ல, நாளைக் கடத்தக் கூடாதுன்னு அர்த்தம். தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின், பிபி இதெல்லாம் வழக்கம் போல. கர்ப்பப்பைக்குள்ள மருந்து செலுத்திப் பார்க்கற எச்எஸ்ஜி எக்ஸ்ரே எடுத்தா கர்ப்பப்பை உள்ளயும், அதை ஒட்டியிருக்கற டியூப் துண்டும் மட்டும் தெரியும். கட்டின இடத்தோட மருந்து நின்னுரும். அந்தப்பக்கத் துண்டு எப்படி இருக்குன்னு லேப்ராஸ்கோப் விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.

அதனால தான், சேர்க்கற ஆபரேஷனுக்கு ஒத்துக்கும்போதே டாக்டர்கிட்ட பேசி வச்சுக்கோங்க: முதல்ல லேப்ராஸ்கோப்ல பாருங்க, ஃபிம்ப்ரியா கெட்டிருந்தா, மிச்சம் ரொம்பக் குட்டையா இருந்தா, உள்ளுறுப்புகள் ஒண்ணோட ஒண்ணு நிறைய ஒட்டியிருந்தா மேற்கொண்டு போகாம நிறுத்திருங்கன்னு. சேர்த்த பிறகு டியூப் நாலு சென்டிமீட்டராவது இருக்கணும்னு கணக்கு. அதுக்குக் கீழ போகப் போக வாய்ப்பு குறையுது.

ஆபரேஷன் எப்படின்னா, மயக்க மருந்து குடுத்து, பிகினி லைன்ல சின்னதா திறந்தோ, லேப்ராஸ்கோப் வழியாவோ பண்ணுவாங்க. தழும்பான ரெண்டு நுனியையும் கொஞ்சம் கொஞ்சமா சீவி, உள்ள நல்ல சவ்வு தெரியற வரைக்கும் வருவாங்க. இதுல கஞ்சத்தனம் பண்ணி தழும்போட வச்சுத் தைச்சா திரும்ப அடைச்சுக்கும். அப்புறம் மைக்ரோஸ்கோப்போ பெரிதாக்கிக் காட்டற லூப் கண்ணாடியோ வச்சு, 8-0 நூல்ல, தலைமுடியை விட மெல்லிசா இருக்கும், கடிகாரத்துல 12, 3, 6, 9 இருக்கற மாதிரி நாலு இடத்துல தையல். ஊசி தசைப் பகுதியில தான் போகணும், உள்சவ்வுல ஏறக்கூடாது. கடைசியில கர்ப்பப்பை வழியா நீல மருந்தைச் செலுத்தி, அந்தப்பக்கம் ஃபிம்ப்ரியா வழியா வழியுதான்னு அங்கேயே பார்த்துட்டுத் தான் மூடுவாங்க. குறுகலான பகுதியோட குறுகலான பகுதி சேர்ந்தா பலன் நல்லா இருக்கும். ஒரு பக்கம் குறுகல், இன்னொரு பக்கம் அகலம்னா பொருத்தறது கஷ்டம். இது நுணுக்கமான கைவேலை, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பண்றவங்ககிட்ட போகாதீங்க. எத்தனை பண்ணியிருக்கீங்க, அதுல எத்தனை பேருக்கு குழந்தை பிறந்திருக்குன்னு நேரா கேளுங்க. "டியூப் திறந்திருக்கு"ங்கறது பதில் இல்ல, குழந்தை பிறந்த கணக்கைக் கேளுங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு பீரியட்ஸ் கழிச்சு முயற்சி பண்ணலாம். அப்ப இருந்தே ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும். 6 மாசத்துல நிக்கலைன்னா எச்எஸ்ஜி எடுத்து திறந்திருக்கான்னு பாருங்க, அடைச்சிருந்தா மறுபடி தைக்கப் போக வேண்டாம், ஐவிஎஃப்புக்கு மாறுங்க. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா, சேர்த்துக்கிட்ட 100 பேர்ல 40ல இருந்து 70 பேருக்குக் கர்ப்பம் தரிக்குது. சின்ன வயசுக்காரங்க அதோட மேல் பக்கம், 40 தாண்டினவங்க கீழ் பக்கம். 40 தாண்டினா நின்ன கர்ப்பத்துலயும் மூணுல ஒண்ணு கலையுது, அதையும் கணக்குல வச்சுக்கணும்.

ஐவிஎஃப்ல டியூப் பிரச்சனையே கிடையாது. 8ல இருந்து 14 நாள் ஊசி, முட்டை எடுக்கறது, லேப்ல கரு ஆக்கறது, மூணாம் நாளோ அஞ்சாம் நாளோ கர்ப்பப்பையில வைக்கறது. வயித்துல கத்தி படாது. ஆனா ஒவ்வொரு தடவைக்கும் தனிச் செலவு, முதல் தடவையே நிக்கும்னு உறுதி இல்ல. 35க்குக் கீழ ஒரு கரு வைக்கற ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்கு மாதிரி குழந்தை வரைக்கும் போகுது, 43 தாண்டினா சொந்த முட்டையில 100க்கு அஞ்சுக்கும் கீழ வந்துருது. ஒரு எச்சரிக்கை: கட்டின டியூபோட வெளிப்பக்கத் துண்டுல நீர் கோத்து வீங்கியிருக்குன்னு ஸ்கேன்ல வந்தா அதை விட்டுவைக்காம டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த நீர் கர்ப்பப்பைக்குள்ள இறங்க வழி இருந்தா வைக்கற கரு நிக்கற வாய்ப்பு ரொம்பக் குறையும், முதல்ல அதை எடுத்துட்டுத் தான் வைப்பாங்க.

உங்களுக்கு என் கருத்து? விந்து ரிப்போர்ட் நல்லா இருந்து, ஸ்கேன்லயும் ஏஎம்எச்லயும் வயசுக்கேத்த கையிருப்பு இருந்து, டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு துண்டு மட்டும் எடுத்ததா இருந்தா, 36 வயசுல சேர்க்கற ஆபரேஷன் நியாயமான தேர்வு. ஒருவேளை இன்னும் ரெண்டு குழந்தை வேணும்னாலும் அதே ஆபரேஷன் போதும். ஒரு வருஷம் தான் அவகாசம்னு இப்பவே முடிவு பண்ணிட்டு இறங்குங்க, 37ல நிக்கலைன்னா ஐவிஎஃப். இதே கேள்வியை 40 வயசுல கேட்டிருந்தா ஆபரேஷன் ஆறி, மாசக்கணக்கா முயற்சி பண்ற நேரமே நமக்கு இல்ல, நேரா ஐவிஎஃப்னு சொல்லியிருப்பேன். இன்னொண்ணு, டியூப் சேர்த்து குழந்தை பிறந்த பிறகு உங்களுக்குத் திரும்பவும் கருத்தடை ஏதாவது வேணும், இதை மறந்துடறாங்க.

கூடவே வந்த சின்னக் கேள்வி, "ஆபரேஷன் பண்ணிக்கிட்டது என் கணவர், அவருக்கும் இதே கணக்கா?" இல்லங்க, அங்க வருஷக்கணக்கு முக்கியம். 1991ல வந்த பெரிய ஆய்வுல, வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், ஆகி மூணு வருஷத்துக்குள்ள திரும்பச் சேர்த்தவங்கள்ல 76 சதவீதம் தம்பதிகளுக்குக் கர்ப்பம் தரிச்சிருக்கு, 15 வருஷம் தாண்டினா அது 30 சதவீதம். அவருக்காக யோசிக்கறவங்க தள்ளிப்போடாதீங்க. மனைவியோட வயசு அங்கயும் கணக்குல வரும்.

கடைசியா, சேர்த்த டியூப்ல கர்ப்பம் நின்னா என்ன பண்ணணும். தையல் போட்ட இடத்துல கரு சிக்கிக்கற வாய்ப்பு இருக்கு. சாதாரணமா 100 கர்ப்பத்துல ஒண்ணு ரெண்டு டியூப்ல தங்கும், இங்க 4ல இருந்து 8 வரைக்கும். அதனால நாள் தள்ளின உடனே பீட்டா எச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை, 48 மணி நேரம் கழிச்சு அதே லேப்ல இன்னொண்ணு. நல்ல கர்ப்பம்னா ஆரம்பத்துல அந்த ரெண்டு நாள்ல குறைஞ்சது பாதி அளவாவது ஏறணும், 200னு இருந்தது 300க்கு மேல போயிருக்கணும். கடைசி பீரியட்ஸ்ல இருந்து ஆறாவது வாரம் வஜைனல் ஸ்கேன்ல கரு கர்ப்பப்பைக்குள்ள இருக்குன்னு கண்ணால பார்க்கற வரைக்கும் வெளியூர்ப் பயணம் எல்லாம் வேண்டாம். யார்கிட்ட காட்டினாலும் "எனக்கு டியூப் சேர்த்த ஆபரேஷன் ஆகியிருக்கு"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சா கரு வளர்றதை நிறுத்தற மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலயே பல பேருக்குச் சரியாகுது, அதுக்கப்புறம் மூணு மாசம் இடைவெளி விட்டுத் திரும்ப முயற்சி பண்ணலாம். அடிவயித்துல ஒரு பக்கமா வலி, லேசா ரத்தம் படறது, தலைசுத்தல், தோள்பட்டை நுனியில வலி, இதுல எது வந்தாலும் காலையில போய்க்கலாம்னு இருக்காதீங்க. தோள்பட்டை வலிங்கறதை சுளுக்குன்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சுட்டு இருப்பாங்க, உள்ள ரத்தம் கசிஞ்சாலும் அந்த வலி வரும். அந்த நேரமே ஸ்கேன் வசதி, ஆபரேஷன் வசதி ரெண்டும் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.