திரும்பி வருபவர் காணும் நாடு

அவைத்தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே, நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பல்லாண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்துவிட்டு, இனித் தாய்நாட்டில்தான் இருப்பது என்ற முடிவோடு திரும்பி வருகிறவர்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அவர்களுடைய முறையீடு பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் விட்டுச் சென்ற நாடு இது இல்லை." இதைக் கேட்கும் உள்நாட்டார், அயல்நாட்டு மோகம் இன்னும் தெளியவில்லை என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்குவது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து. திரும்பி வந்தவர் உண்மையைத்தான் சொல்கிறார். கூடவே இருந்த காரணத்தால் அந்த உண்மை நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு நாட்டை எடுத்துப் பார்ப்போம். 1985-இல் அயர்லாந்திலிருந்து வேலை தேடிப் புறப்பட்ட ஒருவர் 2005-இன் இறுதியில் திரும்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் புறப்பட்ட காலத்தில் அது தன் இளைஞர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நாடு. வந்து இறங்கும்போதோ, போலந்திலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் மற்றவர்கள் பிழைப்புத் தேடி வரும் நாடு. அவர் பத்திரமாக வைத்திருந்த ஐரிஷ் பவுண்டு 2002 பிப்ரவரியோடு கடைகளில் செல்லாமற்போய், யூரோ புழங்குகிறது. 2004 மார்ச் முதல் மதுக்கூடங்கள் உள்ளிட்ட பணியிடங்களில் புகைபிடிக்கத் தடை. 2005 ஜனவரியில் சாலையின் வேக வரம்புகள் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறிவிட்டன. அவர் போன மறு ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பில் தோற்ற மணவிலக்கு உரிமை, 1995-இல் மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்து, ஏறத்தாழ 9,000 வாக்குகள் வேறுபாட்டில் வென்று சட்டமாகியிருக்கிறது.

இந்த மாற்றங்களில் எதுவும் உள்ளூர்க்காரரைத் திகைக்க வைக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே வந்தது. வந்தபோது அவர் வாதிட்டார், முணுமுணுத்தார், பிறகு பழகிக்கொண்டார். திரும்பி வந்தவருக்கோ அத்தனையும் ஒரே வாரத்தில் எதிர்ப்படுகின்றன. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: அந்த மாற்றங்களுக்கு முன்னால் நடந்த வாதங்களை அவர் கேட்கவே இல்லை. வழக்கு நடந்த நாட்களில் அவையில் இல்லாத ஒருவருடைய கையில் தீர்ப்பை மட்டும் கொடுத்தது போன்ற நிலை அவருடையது. ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் கேட்டால், விளக்கிச் சொல்லப் பலருக்குத் தெரிவதில்லை. மாறியது என்பதையே அவர்கள் மறந்திருக்கிறார்கள்.

வியன்னாவில் பிறந்து, 1938-இல் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனி விழுங்கியபின் நாடிழந்து, நியூயார்க்கில் குடியேறிய சமூகவியல் அறிஞர் ஆல்ஃபிரெட் ஷூட்ஸ், போர்முனையிலிருந்து வீடு திரும்பும் வீரர்களை மனத்தில் வைத்து 1945-இல் எழுதிய கட்டுரையில் இந்த நிலையைக் கூர்மையாக ஆராய்ந்தார். புதிதாக ஓர் ஊருக்குள் நுழையும் அந்நியருக்குத் தமக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரியும். ஆகவே கேட்டுக் கற்றுக்கொள்கிறார். வீடு திரும்புபவரோ எல்லாம் தமக்குத் தெரிந்ததே என்ற நம்பிக்கையோடு வருகிறார். இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முகமும் மொழியும் கடவுச்சீட்டும் நம்முடையவையாக இருப்பதால், அவருக்கு உதவி தேவைப்படும் என்று அரசு அலுவலகங்களும் நினைப்பதில்லை, உறவினர்களும் நினைப்பதில்லை.

நடைமுறையில் இது எப்படி முடிகிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கைத் தொடங்கப் போகிறார். உள்நாட்டுக் கைபேசி எண் கேட்கிறார்கள், அதற்குத்தான் ரகசியக் குறியீடு வருமாம். எண் வாங்கப் போனால் முகவரிச் சான்று வேண்டும். சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரரோ ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டினால்தான் சாவி தருவேன் என்கிறார். சொந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் இந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது, வரிசையில் பின்னால் நிற்பவர் பொறுமையிழந்து, "இது கூடத் தெரியாதா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி எத்தனை பேரைக் கூனிக் குறுக வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்பியபின் வரும் சோர்வை ஆய்வாளர்கள் வெகு காலமாகவே அறிவார்கள். அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த நார்வே அறிஞர்களை ஆராய்ந்த லிஸ்கார்ட், அயல்நாட்டு வாழ்வில் மனநிலை தாழ்ந்து பின் உயர்வதாக 1955-இல் எழுதினார். ஊர் திரும்பியபின் அதே சரிவு மறுமுறையும் நேர்வதாக 1963-இல் கல்லஹார்ன் இணையர் சேர்த்தார்கள். எல்லோருக்கும் இந்த ஏற்ற இறக்கம் பொருந்தாது என்று பின்னால் மறுப்புகளும் எழுந்தன. ஆனால் மறுமுறையும் சரிவு உண்டு என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால், பலர் தம் மீதே பழி போட்டுக்கொள்ளாமல் இருந்திருப்பார்கள்.

விடுமுறைப் பயணங்கள் இதற்கு ஆயத்தம் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. விருந்தாளியாக வரும் இரண்டு வாரங்களில் உறவினர்கள் விடுப்பு எடுக்கிறார்கள், நண்பர்கள் தேடி வருகிறார்கள். நிலையாக வந்துவிட்டார் என்று தெரிந்த மறு மாதமே அவரவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவது இயல்பு. தொலைபேசியும் பாதியைத்தான் காட்டும். வாரந்தோறும் திரையில் பார்த்த தாயின் முகம் பழைய முகமாகவே இருந்திருக்கும். அவர் நாற்காலியிலிருந்து எழும்போது மேசை விளிம்பைப் பற்றிக்கொள்வதும், அடுத்த அறைக்குப் போகச் சுவரில் கை வைத்தே நடப்பதும் நேரில் வந்தபின்தான் தெரிகின்றன. நாடு மாறியது என்ற பேச்சில் ஒலிக்கும் துயரத்தில் பாதி இதுவே என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளின் நிலை வேறு. பெற்றோருக்குத்தான் இது திரும்புதல். அவர்களுக்கு இது குடியேற்றம். ஜப்பான் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, வெளிநாட்டில் வளர்ந்து வந்த மாணவர்களுக்கெனத் தனிச் சேர்க்கை முறைகளையும் வகுப்புகளையும் உருவாக்கியது. அதேபோல் ஒவ்வொரு நாட்டின் பள்ளிகளும், புதிய குடியேறிகளுக்குத் தரும் மொழிப் பயிற்சியையும் வழிகாட்டலையும் திரும்பி வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கேட்காமலே தர வேண்டும் என்ற கோரிக்கையை இந்த அவையின் முன் வைக்கிறேன். நன்றி, வணக்கம்.