இந்த எஞ்சின் எத்தனை சி.சி.?

வணக்கம் நேயர்களே. பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சின்களைப் பிரிப்பதிலும் பூட்டுவதிலுமே என் காலத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. என்னிடம் அதிகமாக வரும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, ஒரு கஸ்டம் வண்டி எஞ்சின் கிடைத்திருக்கிறது. இது எத்தனை சி.சி.?" சி.சி. என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் இடத்தின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில். கேள்வியோடு கூடவே செல்போனில் ஒரு படம் வரும். படத்தை மட்டும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. அது ஏன் என்று இன்று சொல்கிறேன்.

ஒரே கம்பெனி கட்டிக் கொடுத்து, யாரும் கை வைக்காத எஞ்சின் என்றால் எண்ணைப் பார்த்து மேனுவலில் தேடினால் வேலை முடிந்தது. கஸ்டம் எஞ்சின் அப்படிப் பிறப்பதில்லை. அடிப்பகுதியான கிராங்க் கேஸ் ஓரிடத்தில் வார்த்தது, சிலிண்டர் வேறிடம், அதன் மூடியான ஹெட் இன்னோரிடம். நடுவில் நாலு பேர் கைமாறி, ஆளுக்கொரு மாற்றம் செய்திருப்பார்கள்.

என் நண்பர் ஒருவர் இப்படி ஒரு வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும் எஞ்சின் வாங்கினார். ஹெட்டின் மேல்மூடியான ராக்கர் கவரில் 113 என்று அழகாகப் பொறித்திருந்தது. 113 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 1850 சி.சி. அதை நம்பி, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கெட்டும், பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் செட்டும் வரவழைத்துவிட்டார். ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட்டை வைத்தால், அதன் வாய் சிலிண்டரைவிட ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாக இருந்தது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். சிலிண்டரின் உள்விட்டம், நாங்கள் போர் என்று சொல்வது, 92.1 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரமான ஸ்ட்ரோக் 117.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 1566 சி.சி. கன அங்குலத்தில் 95.5, விற்பனையில் இதை 96 என்பார்கள். கவர் மட்டும் ஏதோ ஒரு பெரிய எஞ்சினிலிருந்து வந்திருக்கிறது. நான்கு போல்ட் கழற்றினால் எண் மாறிவிடுகிறது, பாருங்கள்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். போரையும் ஸ்ட்ரோக்கையும் சென்டிமீட்டரில் எடுத்து, போரை அதனாலேயே பெருக்குங்கள். வந்ததை ஸ்ட்ரோக்கால் பெருக்குங்கள். பிறகு 0.7854-ஆல். கடைசியாக எத்தனை சிலிண்டரோ அந்த எண்ணால். வருவது சி.சி. அதை 16.387-ஆல் வகுத்தால் கன அங்குலம். புல்லட்டை வைத்துச் சரிபார்க்கலாம். பழைய புல்லட் 350-க்கு போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. விடை 346 சி.சி. அதே 90 ஸ்ட்ரோக்கில் போர் 84 ஆனால் 499 சி.சி. 87 ஆனால் 535. கிராங்க் ஒரே தூரம்தான் நகர்கிறது, சிலிண்டர் அகலமானதில் மட்டும் இவ்வளவு வித்தியாசம். போர் தன்னோடு தானே பெருகுவதால் அளவெடுப்பதில் வரும் பிழையும் இரட்டிக்கும். போரில் நூற்றுக்கு ஒரு பங்கு தப்பினால் சி.சி.யில் இரண்டு பங்கு தப்பும். அதனால் போரை மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்வேன். சிலிண்டரின் மேல்பகுதி, டாப் ரிங் வந்து திரும்பும் இடம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். ரிங் எட்டாத அடிப்பகுதியில் அளந்தால், கடைசியாகச் சிலிண்டரைக் கடைந்தபோது வைத்த அளவு கிடைத்துவிடும்.

ரீபோர் செய்திருந்தால், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால், பிஸ்டன் தலையில் அதற்கான எண் பொதுவாக இருக்கும். மெட்ரிக் பிஸ்டனில் 0.25, 0.50 என்று, அங்குல பிஸ்டனில் 010, 020 என்று, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது. புல்லட் 350-ஐ ஒரு முழு மில்லிமீட்டர் ரீபோர் செய்தாலே 356 சி.சி. ஆகிவிடும். ஹெட்டைக் கழற்ற மனமில்லாதவர்கள் ஸ்பார்க் ப்ளக் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டு அந்த எண்ணைப் படிக்கலாம், கரி மூடாமல் இருந்தால்.

ப்ளக் துளையில் குச்சி விட்டு ஸ்ட்ரோக் அளக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. துளை பிஸ்டனுக்கு நேர் மேலே இருந்தால் சரிதான். சாய்வாக இருந்தால் குச்சியும் சாய்ந்துதான் போகும். 20 டிகிரி சாய்வு இருந்தால் 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை 106 என்று காட்டிவிடும். அத்தோடு குச்சி நுனி பிஸ்டன் தலையில் வழுக்கி சிலிண்டர் சுவரைக் கீறவும் கூடும். ஹெட்டைக் கழற்றி, ஆழம் அளக்கும் டெப்த் கேஜால் அளப்பதுதான் என் கட்சி.

கழற்றவே முடியாத நிலையில் எண்ணெய் ஊற்றி அளக்கிற வழி ஒன்று உண்டு. வால்வைத் திறக்க உதவும் புஷ் ராடைத் தளர்த்தி இரண்டு வால்வும் மூடியிருக்கச் செய்யுங்கள். ப்ளக் துளை உயரமான இடமாக வரும்படி எஞ்சினைச் சாய்த்து வையுங்கள். பிஸ்டனை அடியில் நிறுத்தி, அளவுக் குழாயால் எண்ணெய் நிரப்பி எத்தனை சி.சி. பிடிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய்யை எடுத்துவிட்டு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மறுபடி நிரப்புங்கள். முதல் அளவில் இரண்டாவதைக் கழித்தால் ஒரு சிலிண்டரின் சி.சி. ரிங் தேய்ந்திருந்தால் கசிந்து இறங்கும், அதனால் சீக்கிரமாகச் செய்ய வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் இது நடக்காது, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் என்ற துளை திறந்தே இருக்கும். முடிந்ததும் ப்ளக் இல்லாமல் பல தடவை உதைத்து எண்ணெய் முழுவதையும் வெளியேற்றுங்கள். எண்ணெய் அமுங்காது. உள்ளே தங்கிய நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

சி.சி. தெரிந்த பிறகு பாகங்கள் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கஸ்டம் வி-ட்வின்களில் பெரும்பாலானவை ஹார்லி டேவிட்சன் வடிவத்தைப் பின்பற்றியவை. 1966-லிருந்து 1984 வரை வந்த ஷவல்ஹெட் என்ற ஹார்லி எஞ்சினுக்கு இரும்பு சிலிண்டர். அடுத்து 1984-இல் வந்த எவல்யூஷன் எஞ்சினுக்கு அலுமினிய சிலிண்டர், உள்ளே லைனர் என்ற இரும்புக் குழாய். இதைப் பார்க்க ஒரு காந்தம் போதும், சிலிண்டரின் வெளியே அடுக்கடுக்காக நீட்டியிருக்கும் ஃபின்னில் ஒட்டுகிறதா இல்லையா என்று. எவல்யூஷனின் ராக்கர் பாக்ஸ் மூன்று அடுக்காக இருக்கும். எவல்யூஷனின் 1340 சி.சி. எஞ்சினுக்குக் கம்பெனி அளவு 88.8 போர், 108 ஸ்ட்ரோக். வெளியே எவல்யூஷன் முகம், உள்ளே நண்பரின் எஞ்சின் மாதிரி 117.5 ஸ்ட்ரோக் என்றால், ஃப்ளைவீல் நீளமான ஸ்ட்ரோக்குக்கு மாற்றப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கனெக்டிங் ராட் மாட்டும் கிராங்க் பின்னை மையத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளினால் ஸ்ட்ரோக் 6 மில்லிமீட்டர் கூடும். சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடு கூடுதலாக இருந்தாலோ, கிராங்க் கேஸின் வாயைக் கடைந்து பெரிதாக்கியிருந்தாலோ, யாரோ பெரிதாக்கிய எஞ்சின் என்று சந்தேகப்படுங்கள்.

கார்புரேட்டர் பெரிதாக இருப்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், அதைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் போதும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜும் சி.சி.யைச் சொல்லாது. வால்வுகளை இயக்கும் கேம் எப்போது வால்வை மூடுகிறது என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறி இறங்கும். கேமை வெளியே எடுக்கும் வேளை வந்தால் மட்டும் அதன் பல் சக்கரத்தின் முகத்தைப் பாருங்கள். தயாரித்தவர் எண் பெரும்பாலும் அங்கே அடித்திருக்கும். அதை எழுதி வைக்காமல் மறுபடி பூட்டாதீர்கள்.

எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு. எழுந்து நிற்கும் எழுத்து அச்சிலேயே வார்த்தது. அதே வார்ப்பு ஒவ்வொன்றிலும் அது இருக்கும், அதை வைத்து உங்கள் எஞ்சினை அடையாளம் காட்ட முடியாது. குழிந்து அடித்த எண்தான் எஞ்சினுக்கு உரியது. 1970-க்கு முந்தைய ஹார்லியில் சட்டப்படி வண்டியின் அடையாளமே எஞ்சின் எண்தான். பழைய எஞ்சின்களில் கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளின் அடியிலும் ஒரே எண் அடித்திருப்பார்கள். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். எண் அடித்த இடம் அரத்தால் தேய்த்தது போலப் பளபளத்தால் அந்த எஞ்சினை வாங்காதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

என் நண்பர் 92.1 போருக்கு உரிய கேஸ்கெட்டை மறுபடி வரவழைத்தார். இந்த முறை வைத்ததும் உட்கார்ந்தது. 113 என்று பொறித்த கவரைக் கழற்றி வைத்துவிட்டு, எண் இல்லாத கவர் ஒன்றைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். வணக்கம்.